நூறு வீட்டுத் துணி

பினாங்குக்குக் கப்பலில் மூன்றாம் வகுப்பில் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பினாங்கு அல்ல, ஜெரெஜாக் தீவு. அங்கே இறக்கி, நோய்நொடி உண்டா என்று பார்த்து, துணிமணிகளை வாங்கி நீராவியில் அவித்துத் தருகிறார்கள். கஞ்சி போட்டு மடித்துக் கொண்டுபோன என் சேலைகள் எல்லாம் கொழுக்கட்டை மாதிரி வெந்து வந்தன. சிவப்புச் சேலையின் சாயம் வெள்ளைச் சேலையில் ஏறியிருந்தது. நாகப்பட்டினத்தில் கன்னியர் மடத்துப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பவள் நான். துணியை இப்படி நடத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மூட்டையைக் கொடுத்த சிப்பந்தியிடம் அதைச் சொல்லவும் செய்தேன். “உயிரோட வந்து சேர்ந்தீங்கல்லம்மா, அதப் பாருங்க” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை ரோசம்மாளுக்கு அது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடப் பார்க்கவில்லை. கோயிலுக்குத் தூக்கிப்போக நேரமில்லாமல், இரண்டுக்கும் மருத்துவச்சியே அவசரமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். இந்தத் தடவை பிறந்த வீட்டு ஆள் ஒருத்தி பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அவள் கணவர் அந்தோணி வற்புறுத்தியதால் பள்ளியில் விடுப்பு வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

துறைமுகத்தில் அந்தோணி வந்து நின்றார். அங்கேதான் அவருக்கு உத்தியோகம். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் கிராணி. வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக மிடுக்காக இருந்தார், முகம் மட்டும் தூங்காத முகம். இரண்டு ரிக்‌ஷா பிடித்தார். என் ரிக்‌ஷாவில் என்னோடு என் டிரங்குப் பெட்டியும் ஏறியது. டிராம் ஓடும் சாலையில் ஒரு திருப்பத்தில் சக்கரம் போய்த் தண்டவாளப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் டிராம் வந்து மணியடித்தது. இழுத்த சீனர் என்னைப் பார்த்து ஏதோ கத்தினார்.

“பெட்டியில கல்லா வெச்சிருக்கன்னு கேக்கிறான்” என்றார் அந்தோணி.

கல் இல்லை, இஸ்திரிப் பெட்டி. இரண்டு பெரிய கத்திரிக்கோல்களும் இருந்தன. டிராமில் இருந்தவர்கள் தலையை நீட்டி ஆளுக்கொரு பாஷையில் யோசனை சொன்னார்கள். எங்கள் ஊரில் வண்டி குடைசாய்ந்தால் ஒரே பாஷையில்தான் திட்டு வாங்கலாம். கடைசியில் டிராம் கண்டக்டரே இறங்கி வந்து ஒரு கை கொடுத்தார்.

டத்தோ கிராமாட்டில் வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ரோசம்மாள் வாசலில் நின்றாள். வயிறு மாதம் நிறைந்திருந்தது, ஆள் மட்டும் பாதியாக இருந்தாள். நான் தைத்துக் கொண்டுபோன ஞானஸ்நான அங்கியை எடுத்துக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. பெட்டியிலேயே வைக்கச் சொன்னாள். வீட்டில் ஒரு தொட்டில் துணி இல்லை, ஒரு சின்னச் சட்டை இல்லை.

“ஒண்ணும் தைச்சு வைக்கலையாடி?”

“பிறக்கட்டும்கா.”

என்னிடம் தையல் கற்ற பெண்களில் இவள் கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை. அந்தக் கை மடியில் சும்மா கிடந்தது.

மறுநாள் காலையில் தோளில் காவடி மாதிரித் தடியைப் போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புகளுமாகத் தூக்கிக்கொண்டு ஒரு பாய் வந்தார். அந்தச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார் என்று பெயர். எல்லாக் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித்தான் தருவேன் என்றார். காலையில் யாராவது மீன் குழம்பும் சோறும் சாப்பிடுவார்களா என்று கேட்டேன். “ஒரு வாய் தின்னுட்டுச் சொல்லுங்கலா அக்கா” என்றார். தின்றேன். அதற்குப் பிறகு நான் பினாங்கில் இருந்தவரை காலையில் இட்லியை நினைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்று மத்தியானம் அடுத்த வீட்டு அம்மாள் ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். எல்லாரும் அவளை நோன்யா என்றுதான் கூப்பிட்டார்கள். சீன வம்சம், பேச்சு மலாய், உடுத்தியிருந்தது சாரோங். தட்டில் நீல நிறச் சோறு இருந்தது. சங்குப்பூவைப் பிழிந்து சாயம் ஏற்றிய ஒட்டரிசியாம். எங்கள் ஊரில் சங்குப்பூ மாதா பீடத்துக்குப் போகும், வயிற்றுக்குள் போகாது. தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் போட்டுக் கிளறிய ஜாமைத் தொட்டுச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

நோன்யா என் கத்திரிக்கோலைப் பார்த்தாள். பிள்ளைத்துணி ஒன்றும் இல்லாத அறையைப் பார்த்தாள். பிறகு ரோசம்மாளிடம் மலாயில் நீளமாக ஏதோ சொன்னாள். ரோசம்மாள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

“இவங்க மூத்த மகன் பிறந்தப்ப பிழைக்க மாட்டான்னு எல்லாரும் கைவிட்டாங்களாம். அப்போ நூறு வீட்டுல போய்த் துணி கேட்டு வாங்கி, ஒண்ணா தைச்சு, அதுல சுத்தி வெச்சாங்களாம். ஒரு வீட்டுத் துணி கட்டின பிள்ளைய அந்த வீட்டுல தேடி வரலாம், நூறு வீட்டுத் துணி கட்டின பிள்ளைய சாவு எந்த வீட்டுல வந்து தேடும்னு கேக்கிறாங்க.”

சொல்லி முடித்தவள் நோன்யாவைப் பார்த்துத் தானாகவே ஒரு கேள்வி கேட்டாள். பழைய துணியா, புதுத் துணியா என்று. நான் வந்ததிலிருந்து அவள் எதைப் பற்றியும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பழைய துணிதான். காசு கொடுத்து வாங்கக் கூடாது. வீட்டு ஆள் போய்க் கையேந்திக் கேட்கவேண்டும். பிள்ளைகள் நன்றாக இருக்கும் வீட்டில் மட்டும்தான் கேட்கவேண்டும். இவ்வளவுதான் விதி.

மடத்தில் வளர்ந்தவள் நான், இதையெல்லாம் அஞ்ஞானம் என்று பாடம் எடுப்பவள். ஆனால் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. நம் வீடுகளில் மட்டும் என்ன நடக்கிறது? பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டோம், பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்றும் குப்பு என்றும் பெயர் வைப்போம். ஜெபமாலையும் சொல்வோம். தங்கை கேட்ட ஒரே கேள்விக்காக நான் நூறு வீடு என்ன, ஆயிரம் வீடு ஏறியிருப்பேன்.

அன்று சாயங்காலமே நானும் நோன்யாவும் கிளம்பினோம். அவள் ஒவ்வொரு வாசலிலும் முதலில் கேட்பது, எத்தனை பிள்ளைகள், எல்லாரும் சுகமா என்பதுதான். பிறகு என் பக்கம் கையைக் காட்டுவாள், நான் முந்தானையை ஏந்துவேன். நாற்பது வயதில் தெருவில் பிச்சை எடுத்தேன். முதல் இரண்டு வாசல்களில் காது சுட்டது, அப்புறம் பழகிவிட்டது. ஒரு மலாய்ப் பெண் தன் குழந்தையின் சாரோங்கில் ஒரு முழம் கிழித்தாள். ஒரு சீனக் கிழவர் தன் பழைய கால்சட்டையின் பையை அப்படியே வெட்டிக் கொடுத்தார். நாசி கண்டார் பாய் தோளில் தடிக்கு அடியில் வைக்கும் சும்மாட்டுத் துணியையே தந்தார். அதை மூன்று தண்ணீரில் அலசியும் மசாலா வாசனை போகவில்லை.

வீட்டில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். அங்கே ஆரம்பித்தது சண்டை. நான் வெள்ளைத் துண்டுகளை நடுவில் வைத்தேன், ஞானஸ்நானத்துக்கு உகந்த நிறமாயிற்றே என்று. நோன்யா பதறிப்போய் எடுத்தாள். அவர்களுக்கு வெள்ளை துக்கத்துக்கு உரியது. அவள் ஒரு கறுப்புப் பட்டை வைத்தாள், எங்களுக்கு அதுதான் துக்க நிறம் என்று நான் எடுத்தேன். நான் சதுரமாக வெட்டவேண்டும் என்றேன். அவள் முக்கோணம் முக்கோணமாக மடித்துத்தான் சேர்க்கவேண்டும் என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. ஆனால் இரண்டு பெண்கள் துணிக்காகச் சண்டை போடுவதற்குப் பாஷை தேவைப்படவில்லை.

சுவரோரம் சாய்ந்திருந்த ரோசம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அந்தப் பச்சைய இந்தப் பழுப்புக்குப் பக்கத்துல வைக்கா. வெள்ளைய ஓரத்துக்குக் கொண்டு போ.”

வைத்தேன். அவள் சொன்னதுதான் சரி. அந்தப் பூப்போட்ட பழுப்பு பாத்திக் சாரோங் அதுவரை அழுக்காகத் தெரிந்தது, பச்சை பக்கத்தில் வந்ததும் தேன் நிறமாகிவிட்டது. “ஊசிய குடு” என்றாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அழுகிற முகத்தை மாணவியிடம் காட்டுவது டீச்சருக்கு அழகில்லை.

மாவுச் சாக்குகளைப் பிரித்து, முத்திரை போகும்வரை கொதிக்கவைத்து அடித்துணி ஆக்கினோம். சாக்கு வாயைத் தைத்திருந்த நூலையே உருவி, மெழுகு தடவித் தைக்க வைத்துக்கொண்டோம். பழைய துணியைத் தைப்பது புதுத்துணியைத் தைப்பது மாதிரி இல்லை. சில இடத்தில் ஊசி பட்டாலே கிழியும், சில இடத்தில் இறங்கவே இறங்காது. ரோசம்மாள் நைந்த துண்டின்மேல் அதைவிட நைந்த கொசுவலைத் துண்டை வைத்து இரண்டையும் சேர்த்துச் சின்னச் சின்ன ஓட்டுத் தையலாகப் போட்டாள். இரண்டும் சேர்ந்து கெட்டியாயின. தைக்கும்போது அவள் சாப்பிடவும் செய்தாள்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் கேட்க வீடு இல்லாமல் போயிற்று. துணி பாதிகூட ஆகவில்லை. அந்தோணி ஏற்கெனவே முகம் சுளித்துக்கொண்டுதான் இருந்தார். “கிராணி வீட்டம்மா கந்தல் பொறுக்குதுன்னு ஆபீஸ்ல பேச்சா இருக்குக்கா” என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார். “துறைமுகத்துல உங்க கீழ வேலை செய்யற கூலிக்காரங்க குடும்பம் எத்தனை இருக்கு மாப்பிள்ளை, அங்க போய்க் கேளுங்க” என்றேன். அவர் மறுநாள் ஒரு பை நிறையத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். கூலிகள் வீடுகளில் வாங்கியது என்றார். ரோசம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் பையைக் கொட்டிப் பிரித்தேன். ஒன்று பிறைபோல் வளைந்திருந்தது. இன்னொன்றும் அப்படியே. எல்லாமே அப்படித்தான். சட்டைக்குக் கைக்குழி வெட்டினால் விழும் துண்டு எனக்குத் தெரியாதா? எத்தனையோ வருஷமாக அதைப் பெருக்கித் தள்ளுகிறவள். துணியில் கஞ்சி விறைப்புகூடப் போகவில்லை. தையல்கடையில் காசு கொடுத்து அள்ளிவந்திருக்கிறார்.

ரோசம்மாள் எதிரில் வாயைத் திறக்காமல், கொல்லைப்புறம் கிணற்றடிக்கு அவரைக் கூப்பிட்டேன்.

“உங்க கௌரவம் அவ்வளவு பெரிசா மாப்பிள்ளை? அவ அதை நம்பித்தான் ஊசியக் கையில எடுத்திருக்கா. இதையும் ஏமாத்தினா அவ என்னத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிப்பா?”

அவர் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கௌரவம் இல்லக்கா. ரெண்டு தடவையும் கல்லறைக்குப் பெட்டிய நான்தான் தூக்கிட்டுப் போனேன். கக்கத்துல அடங்கிப்போச்சு, அவ்வளவு சின்னப் பெட்டி. அந்தத் துறைமுகத்து ஆளுங்கதான் வேலைய விட்டுட்டுக் கூட நடந்து வந்தாங்க. இப்போ அவங்க வாசல்ல போய் நின்னு பிள்ளைக்குன்னு கேட்டு, அப்புறம் இதுவும் தங்கலைன்னா, அந்த முகத்தையெல்லாம் நான் தினமும் எப்படிப் பாக்கிறது?”

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இந்த மனிதர் தூங்காததற்கு எதையெதையோ காரணம் நினைத்திருந்தேன். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சதும் நானும் வர்றேன்” என்று மட்டும் சொன்னேன்.

துறைமுகத் தொழிலாளர்கள் இருந்த வரிசை வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை கருவாட்டு வாசனையும் சலவையுமாக இருந்தது. கிராணியைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். முதல் வீட்டிலிருந்து பாக்கியம் என்ற ஒரு பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“என்ன ஐயா, வேலைக்கு ஆள் வேணுமா?”

நான் பேசலாமா என்று பார்த்தேன், பேசக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அந்தோணி தொப்பியை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக் கழற்றினார். அதை இரண்டு கையிலும் மடிபோல விரித்துப் பிடித்தார்.

“பிள்ளைக்குப் பிச்சை கேட்டு வந்திருக்கேன்” என்றார்.

பாக்கியத்துக்கு ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை.

“முந்தின ரெண்டுக்கும் வந்திருக்கலாம்ல ஐயா” என்று உள்ளே போனாள். தன் பிள்ளைகளைப் போட்டு வளர்த்த தூளிச் சேலையைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கோட்டில் போட்டாள். அதற்குள் பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டார்கள். வரிசை முழுக்கப் பெண்கள் வந்தார்கள். கைலித் துண்டு, பாவாடைக் கரை, பழைய ரவிக்கை முதுகு என்று கோட்டில் விழுந்துகொண்டே இருந்தது. ஆண்கள் வேலையில் தலைக்குக் கட்டும் துண்டுகளைக் கொண்டுவந்தார்கள். வெயிலில் வெளுத்து, உப்புப் பூத்திருந்தன.

“அழுக்கா இருக்குங்கய்யா.”

“இருக்கட்டும், போடு.”

ஒருவர் மட்டும் தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். “எனக்கு இங்க குடும்பம் இல்லீங்க. பிள்ளைங்க மூணும் ஊர்ல. நல்லாத்தான் இருக்குதுங்க. அது செல்லுமா?”

அந்தோணி பாக்கியத்தைப் பார்த்தார். “செல்லும் அண்ணே, குடுங்க” என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து கோட்டை அப்படியே ரோசம்மாள் முன்னால் இறக்கினார். தையல்கடைத் துண்டுகளைப் பற்றி அவரே சொல்ல ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டே, மடியில் இருந்த தையலில் ஒரு நூலைப் பிடித்து உருவினாள். வளைந்த துண்டுகள் எல்லாம் ஒன்று மிச்சமில்லாமல் கழன்று விழுந்தன. அவற்றை அவள் தைக்கவே இல்லை. பிரிப்பதற்குத் தோதாகப் பெருந்தையலில் சும்மா தொட்டு வைத்திருந்தாள்.

“கைக்குழித் துண்டு எனக்கும் தெரியும்ங்க. நான் அக்காகிட்ட படிச்சவ” என்றாள். “நீங்க கொண்டாந்து குடுத்தீங்களேன்னுதான் சிரிச்சேன்.”

அவர் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உப்புப் பூத்த தலைத்துண்டு ஒன்றை எடுத்து விரித்து, அவள் தைக்க வாகாகப் பிடித்துக்கொண்டார். நானும் நோன்யாவும் அன்று சண்டை போடவில்லை. போட இடமில்லை, அவ்வளவு துணி கிடந்தது.

தைத்து முடித்ததை விரித்தபோது நான் டீச்சராகத்தான் பார்த்தேன். கோணல் இருந்தது. ஒரு மூலை சுருங்கியிருந்தது. நடுவில் தூளிச் சேலையின் ஊதா, அதைச் சுற்றித் தலைத்துண்டுகளின் வெளிறிய சிவப்பு, அப்புறம் பாத்திக் பூக்கள், கைலிக் கட்டங்கள், ஓரத்தில் நான் விடாமல் சேர்த்த வெள்ளை. பள்ளிக்கூடக் கண்காட்சியில் அதற்கு மார்க் போடச் சொன்னால் நான் திணறிப்போயிருப்பேன். அவ்வளவு அழகான ஒன்றை என் கையால் நான் தைத்ததில்லை.

குழந்தை வியாழக்கிழமை பிறந்தது. பெண். சத்தம் நோன்யா வீட்டுக்குக் கேட்டது. அந்தத் துணியில்தான் சுற்றினோம். வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. ரோசம்மாள் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடியே கிடந்தாள். அந்தோணி வேலைக்குப் போய்ப் போய்ப் பாதியில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை பால் குடித்துவிட்டுத் தும்மியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்தோம். அங்கிக்கு மேல் இந்தத் துணியைச் சுற்றியிருந்ததைச் சாமியார் ஒரு மாதிரி பார்த்தார். நான் அவரை அதைவிட ஒரு மாதிரி பார்த்தேன்.

நான் ஊருக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில், பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண். கால் முழுக்கச் செம்மண். அக்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப் தோட்டத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, படகு ஏறி வந்திருந்தாள். மகள் வயிற்றில் மூன்று தங்கவில்லையாம், இப்போது நான்காவதாம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் உறவுக்காரன் ஒருவன் இந்த வீட்டைப் பற்றிச் சொன்னானாம்.

ரோசம்மாள் குழந்தையோடு வாசல் நிலைக்கு வந்தாள். அந்தப் பெண் சேலை மடியை ஏந்திக்கொண்டு, கேட்க வேண்டிய முறைப்படி முதலில் கேட்டாள்.

“வீட்டுல எத்தனை பிள்ளைம்மா?”

இந்தக் கேள்வியை ஒருத்தர் கேட்டுவிடுவாரோ என்று இத்தனை வருஷம் கோயிலிலும் பசாரிலும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தவள் என் தங்கை.

“ஒண்ணு” என்றாள். “நல்லா இருக்கு.”

பிறகு குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, தையலோடு ஒரு முழம் கிழித்து அந்தப் பெண்ணின் மடியில் போட்டாள்.